இருபத்தாறாவது ஆணி

நான் செய்த முதல் ஜோடி ஷூவை மாமா காலை ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மாலை நாலரைக்குத் திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் என் பக்கம் நீட்டினார்.

"பூ மாதிரி இருக்குடா மச்சான். காலையிலேருந்து போட்டிருக்கேன்னே தெரியல."

மாமா என் அக்காவின் கணவர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இருபத்தொரு வருடமாக அதே பள்ளி, அதே தடம். காலையில் பத்தொன்பது நிறுத்தம், மாலையில் பத்தொன்பது நிறுத்தம். நான் அவர்கள் வீட்டில்தான் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் நான்கு வருடம் ஒரு பார்சல் பிரிக்கும் கொட்டகையில் இரவு வேலை. ஒரு நாள் விடியும் நேரத்தில் பெல்ட்டில் வந்த பெட்டிகளில் முகவரியைப் படிக்க முடியவில்லை. எழுத்து தெரிந்தது, படிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி பெல்ட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கையுறை எந்த ஊர் போய்ச் சேர்ந்ததோ. இப்போது மதியம் வரை ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். இரவு வேலை போனாலும் இரவுத் தூக்கம் திரும்பி வரவில்லை. அக்கா என்னைக் கூப்பிடுவது ஆந்தை என்று.

தூக்கம் வராதவனுக்குக் கையில் ஏதாவது வேண்டும். முதலில் அறுந்துபோன பை வாரைத் தைத்தேன். அப்புறம் ஒரு பெல்ட், ஒரு பர்ஸ், அக்காவின் கண்ணாடிக்கு ஒரு உறை. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடம் இருந்தது. அங்கே ஒரு பலகையைப் பொருத்தினேன். குத்தூசி, தோல் சீவும் கத்தி, ஒரு சுத்தியல், மெழுகு பூசிய நூல் இரண்டு உருண்டை, பசை டப்பா. அந்தப் பசை நாற்றத்துக்கு அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள், "வேலைய விட்டான், தூக்கத்த விட்டான், இப்ப செருப்பு தைக்கிறான். அடுத்தது என்னடா, லாடம் அடிப்பியா?" என்று கேட்டாள். பேசிவிட்டாள் என்று மாமா எனக்குக் கை கொடுத்தார்.

ஷூ செய்யச் சொன்னது மாமாதான். ஆசைப்பட்டுக் கேட்டார் என்றுதான் நினைத்தேன்.

"சோல் மெலிசா வேணும். கடையில விக்கிறதெல்லாம் செங்கல்ல கட்டின மாதிரி இருக்கு. அப்புறம், நல்லா இறுக்கமா இருக்கணும். கால் உள்ள ஆடக் கூடாது."

"இறுக்கமா போட்டா கடிக்கும் மாமா."

"கடிக்கட்டும்டா. உங்க அக்காவோட பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, ஷூ கடிச்சா தாங்க மாட்டேனா?"

அக்கா அடுப்படியிலிருந்து ஒரு கரண்டியை ஓங்கிக் காட்டினாள்.

மூன்று மாதம் ஆனது. தோல்கடையில் ஒரு அம்மா உண்டு. தோலைத் தடவிப் பார்க்க விடமாட்டார். முதலில் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஷூ என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கால் வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டை ஒரு ஜோடி எடுத்து வைத்தார். மாமாவின் கால் அளவுக்கு அது அரை விரல் சின்னது. கட்டையின் மேல் தோல் துண்டுகளை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்த அம்மா சொன்ன ஒரே அறிவுரை: "ஆணிய எண்ணி அடி, எண்ணி எடு."

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஷூ செய்வது கவிழ்த்துப் போட்டுச் செய்கிற வேலை. கட்டையை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் இன்சோலை, அதாவது கால் நேராகப் பதிகிற உள் அட்டையை, மூன்று சின்ன ஆணி அடித்து நிறுத்த வேண்டும். விரல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, குதிகாலில் ஒன்று. பிறகு மேல்தோலைக் குறடால் இழுத்து அடிப்பக்கம் மடக்கி, சுற்றிலும் இருபத்து மூன்று ஆணி. ஆக ஒரு ஷூவுக்கு மொத்தம் இருபத்தாறு. பசை காய்ந்ததும் அத்தனையையும் பிடுங்கிவிட்டுத்தான் சோல் ஒட்ட வேண்டும். உள் அட்டையின் மூன்றில் ஒன்றை மறந்துவிட்டால், அதன் தலை சோலுக்குள் மறைந்துவிடும். கட்டையை உருவிய பிறகு, கூர் மட்டும் ஷூவுக்குள் மேல் பார்த்து நிற்கும்.

நான் எண்ணினேன். ஒரு பாட்டில் மூடியில் போட்டுப் போட்டு எண்ணினேன். இருபத்தாறு சரியாக இருந்தது.

அன்று மாலை மாமாவின் ஷூவை நானே கழற்ற உட்கார்ந்தேன். பாசம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் நடந்த பிறகு மேல்தோல் எங்கே மடிகிறது என்று பார்க்க வேண்டும். மடிப்பு தவறான இடத்தில் விழுந்தால் அடுத்த ஜோடிக்கு வெட்டை மாற்ற வேண்டும். இடது கால் சுலபமாக வந்தது. மடிப்பு நல்ல இடத்தில்தான் விழுந்திருந்தது. எனக்குக் கர்வம் தலைக்கேறியது.

மாமா கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்தில் ஒரு டீச்சர் உண்டாம், தினமும் ஏறியதும் தூங்கிவிடுவாராம். இன்று பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்களாம், அந்த அமைதியில் டீச்சர் பதறி எழுந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றாராம்.

வலது ஷூ வரவில்லை. கயிற்றை முழுக்கத் தளர்த்தினேன். குதிகாலைப் பிடித்து இழுத்தேன். ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. கட்டையிலிருந்து உருவும்போதும் இந்த ஷூ இப்படித்தான் அடம்பிடித்தது. தோல் இறுகிவிட்டது என்று நினைத்துக் கட்டையைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். இப்போது இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஈரத் துணியைப் பலகையிலிருந்து உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஷூ கையோடு வந்துவிட்டது.

சாக்ஸின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. சாக்ஸ் சாம்பல் நிறம். தொட்டுப் பார்த்தேன். முன்பாதி அட்டை மாதிரி விறைத்திருந்தது, நடுவில் மட்டும் ஈரம். ஷூவை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உள்ளே, பெருவிரலுக்குக் கீழே பாதம் பதிகிற இடத்தில், ஒரு ஆணி நின்றது. கொஞ்சமும் வளையாமல் நேராக நின்றது.

முதலில் என்னை நினைத்துத்தான் அதிர்ச்சி. எண்ணினேனே என்று இருந்தது. பிறகுதான் விளங்கியது. எண்ணிக்கை சரி, ஆணி தப்பு. ஆணிப் பெட்டியிலிருந்து எப்போதோ தரையில் சிதறிய ஒரு ஆணியை நான் பிடுங்கிய ஆணிகளோடு பொறுக்கிப் போட்டிருக்கிறேன். கடைசியாக ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இடதை முழுக்கத் தடவினேன். வலதைக் கையில் எடுக்கும்போது மாமா சாக்ஸோடு வாசலில் நின்று, "குடுடா, நேரமாச்சு" என்று வாங்கிக்கொண்டுவிட்டார்.

இதெல்லாம் யோசித்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது. நிமிர்ந்தபோது மாமா இன்னும் டீச்சர் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா முழிச்ச முழி இருக்கே..." என்று சிரித்தார்.

அப்போதுதான் எந்தக் கால் என்று யோசித்தேன். ஆணி நின்றது வலது ஷூவில். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மிதிக்கிற கால். முப்பத்தெட்டு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தக் காலால் அழுத்தியிருக்கிறார். சிக்னல்கள் தனி. பத்தரை மணி நேரம் ஒரு மனிதரின் பாதத்துக்குள் ஆணி போய்ப் போய் வந்திருக்கிறது. அவர் பூ மாதிரி இருக்கிறது என்கிறார்.

"மாமா, கீழ பாருங்க," என்றேன்.

பார்த்தார். சாக்ஸைப் பார்த்தார், என் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார், மறுபடி சாக்ஸ். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. அதை எடுத்துவிட அவருக்குத் தோன்றவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. என்னைத் திட்டவில்லை. ஆணியா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்காகிட்ட சொல்லாத," என்றார்.

சாக்ஸை வெட்டித்தான் எடுத்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுத்தமான துணி வைத்துக் கட்டினேன். ஓட்டை சின்னதுதான், ஆனால் அதன் சுற்றுப்புறம் வெந்தது போல வெளுத்துக் கிடந்தது. மாமா ஒரு தடவைகூடக் காலை இழுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவருடைய காலை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரி போகணும் மாமா."

"போலாம், போலாம். ஒண்ணுமில்லடா. ரொம்ப நேரம் உக்காந்து ஓட்டுனா கொஞ்சம் மரத்துப்போகும். எல்லா டிரைவருக்கும் உள்ளதுதான்."

"ஆணி குத்தி மரத்துப்போகுமா?"

"உனக்கு நம்பிக்கை இல்லைன்னா நீயே பாரு. நான் கண்ண மூடிக்கிறேன். எங்க தொடுறேன்னு கேளு, சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ பந்தயம் கட்டுகிறவர் மாதிரி கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

குத்தூசியை எடுத்தேன். ஊசி முனையை என் கைக்குள் வைத்துக்கொண்டு, மரப்பிடியால் இடது காலின் பெருவிரலைத் தொட்டேன்.

"கட்டை விரல்," என்றார்.

அடுத்து நடுவிரலைத் தொட்டேன்.

"நடுவுல."

எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அப்புறம் அவருடைய இமை துடிப்பதைப் பார்த்தேன். இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது மனிதர். பலகையிலிருந்து என் தோல் ஏப்ரனை உருவி அவர் முகத்தில் போட்டேன்.

"நாறுதுடா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருங்க."

சுண்டு விரலைத் தொட்டேன். பேச்சு இல்லை. அழுத்தினேன். நகம் வெளுக்கும் வரை அழுத்தினேன்.

"ம்... கட்டை விரல்."

குதிகாலைத் தட்டினேன்.

"சுண்டு விரல்."

அடுத்து நான் எதையும் தொடவில்லை. குத்தூசியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏப்ரனுக்குள் அவர் மூச்சு மட்டும் கேட்டது. காத்திருந்தார்.

"இப்ப குதிகால்," என்றார். "லேசா வைக்கிற பாரு, ஏமாத்தப் பாக்குற. எனக்குத் தெரியாதா?"

அந்தச் சமயத்தில் எதற்கோ திரும்பினேன். அக்கா வாசலில் நின்றாள். தோளில் பை, கையில் செருப்பு. அவள் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள். ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. என் கட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் கிடந்த வெட்டிய சாக்ஸை.

"சொல்லுடா, சரிதான?" என்று மாமா கேட்டார்.

"அவன் உங்களத் தொடவே இல்லீங்க," என்றாள் அக்கா.

மாமா ஏப்ரனை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே இருந்தார்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் மோட்டார் போட்டால்கூடக் கத்துகிறவள். பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா?"

"இடது கால் போன வருஷத்திலேருந்து."

"வலது?"

"ஆறு மாசம் இருக்கும். ஏழுன்னு வச்சுக்கோ."

"பிரேக்கு?"

"முழங்கால் இருக்குதுல்ல. அது எவ்வளவு மடங்குதுன்னு தெரியும். இஞ்சின் சத்தம் இருக்கு, மீட்டர் முள்ளு இருக்கு. இருபத்தொரு வருஷம் ஓட்டுனவனுக்கு கால் எதுக்கு?" இதைச் சொல்லிவிட்டு அவரே என்னைப் பார்த்தார், சிரிப்பேனா என்று.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"அதுக்குத்தான் மெலிசா சோல் கேட்டீங்களா?"

"மெலிசா, இறுக்கமா இருந்தா கொஞ்சமாவது தெரியும்னு பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

மாமா வலது காலைப் பார்த்தார். கட்டிய துணியில் ஒரு பொட்டு நனைந்து பெரிதாகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் அவர் கால் அளவை நான் எத்தனை முறை எடுத்திருப்பேன். தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். நாடாவால் இறுக்கியிருக்கிறேன். பாதத்தின் அடியில் பென்சில் உரசினால் யாருக்கும் கூசும். அவர் அசைந்ததே இல்லை. நல்ல வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டேன். காலின் சுற்றளவு எனக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியாது.

ஆட்டோவில் போனோம். மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். புண்ணைத் திறந்து பார்த்து, கழுவி, ஆழத்தை அளந்தார். இடுப்பில் ஒரு ஊசி. எலும்பைத் தொடவில்லை, அதிர்ஷ்டம்தான் என்றார். பிறகு போன் எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டினார்.

"நீங்க ஏற்கெனவே இங்க வந்திருக்கீங்களே. பதினோரு மாசத்துக்கு முன்னாடி."

அக்கா நிமிர்ந்தாள்.

"சர்க்கரை அப்பவே நிறைய இருந்திருக்கு. மாத்திரை எழுதியிருக்கு. கால்ல உணர்ச்சி குறையுதுன்னும் எழுதியிருக்கு. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்," என்றார் மாமா.

"எங்க வச்சு சாப்பிடுறீங்க? வீட்டுல ஒரு மாத்திரையும் நான் பாத்ததில்லையே," என்றாள் அக்கா.

"வண்டியில இருக்கு. டேஷ்போர்டுக்குள்ள."

டாக்டர் திரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார். "மூணு வாரம் இந்தக் காலை ஊனக் கூடாது. நல்ல வேளை, உங்க வேலைக்கு அது பெரிய தொந்தரவு இல்ல. கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்தே பாத்துக்கலாம்."

எங்களுக்குப் புரியவில்லை.

"எந்த கேட்டுல?" என்று கேட்டேன்.

"வாட்ச்மேன்னு தானே போட்டிருக்கு?"

மாமா சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படிக்கிறவர் மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார். பதினோரு மாதத்துக்கு முன்னால், இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டவரிடம் அவர் யோசித்து ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கே அவருக்கு எல்லாம் தெரியும். பயந்துபோய்ச் செய்த காரியம் இல்லை அது. கணக்குப் போட்டுச் செய்தது.

"இவர் ஸ்கூல் பஸ் டிரைவர்," என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். மூடியைத் தேடி எடுத்து மூடிவிட்டு வைத்தார். "இன்னைக்கும் ஓட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டுனேன்."

"இந்த ஆணியோடவா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா எடுத்துப் போட்டுட்டு ஓட்டியிருப்பேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த ஆணியை அடித்தவன் நான்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அப்படித்தான் பட்டது. "இனிமே எந்த வண்டியும் ஓட்டக் கூடாது," என்று சொல்லி, அதைத் தாளிலும் எழுதி, கையெழுத்துப் போட்டார். தாளை மாமாவிடம் கொடுக்கவில்லை, அக்காவிடம் கொடுத்தார்.

வெளியே ஒரு நீள பெஞ்சு. மாமாவை நடுவில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். எதிரே ஆட்டோக்கள். மணி ஏழு ஆகியிருக்கும். அக்கா அவருடைய போனை எடுத்து நீட்டினாள்.

"சாருக்குப் போடுங்க."

சார் என்பது பள்ளியில் வண்டிகளைக் கவனிக்கிற அதிகாரி. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

"நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார் மாமா.

"நாளைக்கு ஆறு மணிக்கு நீங்க ஷூவ மாட்டிக்கிட்டு நிப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

"நான் ஓட்டலன்னா வேற என்ன செய்வேன்? சொல்லேன் பாப்போம். எனக்கு வேற என்ன தெரியும்? காலையில எந்திரிச்சு எங்க போறது?"

அக்கா போனை நீட்டியபடியே இருந்தாள். வேலையை விட்ட என்னிடம் அதைக் கேட்டுப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பினார். அது வரை அவர் என்மேல் கோபப்படவே இல்லை.

"உன் வேலை சுத்தமா இருந்திருந்தா, நாளைக்குக் காலையில நான் வண்டியில இருப்பேன்," என்றார்.

உண்மை. ஒரு சொல்கூட மிகை இல்லை. ஒழுங்காகத் தடவிப் பார்த்து அந்த ஆணியைப் பிடுங்கியிருந்தால் அது ஒரு நல்ல ஷூ. அவர் அதைப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருப்பார்.

"நீங்க பேசலன்னா நான் பேசுறேன் மாமா. ஏழு மணிக்கு மேல ஆச்சு. நாளைக்கு ஆள் பாக்க அவங்களுக்கும் நேரம் வேணும்," என்றேன்.

மாமா போனை வாங்கினார். கண்ணாடி கொண்டுவரவில்லை; எண்ணைத் தேடி நான்தான் அழுத்திக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னது அக்கா.

"என்னய்யா, இந்நேரத்துல?" என்றது குரல். பின்னால் டிவி ஓடியது.

"கால்ல ஆணி குத்திடுச்சு சார். நாளைக்கு வர முடியாது."

"ஆணியா? எங்க போய் மிதிச்ச? சரி, சரி. ரெண்டு நாள் எடுத்துக்கோ. மாத்து ஆள் போட்டுக்கிறேன்."

"ரெண்டு நாள் இல்ல சார். காலு... உணர்ச்சி இல்ல சார். ரெண்டு காலும். டாக்டர் இனிமே ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

டிவி சத்தம் நின்றது. சார் எழுந்து வேறு அறைக்குப் போகிற காலடி கேட்டது. கதவு சாத்தும் சத்தம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" குரல் தாழ்ந்திருந்தது.

"வீட்டுல மட்டும்தான் சார்."

"நல்லது. இங்க பாரு. அந்தத் தாளக் கொண்டுட்டு வராத. தாள் வந்தா நான் ஃபைல்ல வைக்கணும். வச்சா, இத்தன நாள் நீ எப்படி ஓட்டுனன்னு என்னக் கேப்பாங்க. வருஷா வருஷம் உடம்பு சரின்னு கையெழுத்துப் போடுறது நான்தான்யா. புண்ணு ஆறுற வரைக்கும் வீட்டுல இரு. ஆறுனதும் வந்து வண்டிய எடு. இந்த மத்ததெல்லாம் நீ சொல்லல, நான் கேக்கல. புரியுதா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. கையில் இருந்த தாளை இரண்டாக மடித்துவிட்டிருந்தாள். மடித்தது அவளுக்கே தெரியவில்லை.

வழி திறந்துவிட்டது. மாமா சரி சார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி அதே வண்டி, அதே பத்தொன்பது நிறுத்தம். அவர் போனை உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு முறை அசைந்தது. சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஒரு கணம் அவர் சொல்லத்தான் இருந்தார்.

"லைன்ல இருக்கியாய்யா?"

"இருக்கேன் சார். சார், போன மாசம் நம்ம வண்டி ஸ்கூல் உள்ள திரும்பும்போது காம்பவுண்டு சுவத்துல ஏறுச்சே."

"ஆமா. பிரேக் பிடிக்கல. அதுக்குத்தான் அந்த மெக்கானிக்க வேலைய விட்டு அனுப்பியாச்சே. இப்ப எதுக்கு அது?"

"பிரேக்ல ஒண்ணும் இல்ல சார்." மாமா போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். "நான் மிதிச்சது பிரேக் இல்ல."

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். எங்கள் இருவருக்குமே இது தெரியாது. சுவரில் இடித்த கதையை மாமா எங்களுக்குச் சொல்லவே இல்லை.

அழைப்பு அறுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அப்ப வண்டியில யார்யா இருந்தாங்க?" என்றார் சார் கடைசியில்.

"பிள்ளைங்க எல்லாரும் இருந்தாங்க சார்," என்றார் மாமா.